பி.பி.க்கு ரெண்டு மூணு மாத்திரை போடுகிறீர்களா? எது எதோடு சேரும், எது சேரவே கூடாது

போன சித்திரையில் ஒரு பெரியவர் கடைக்கு வந்து மஞ்சப்பையை அப்படியே கவுன்டரில் கவிழ்த்தார். "தம்பி, இதுல எது பிரஷர் மாத்திரை, எது சுகர் மாத்திரைன்னு பிரிச்சுக் குடுப்பா. எனக்கும் தெரியல, வீட்ல அவளுக்கும் தெரியல." பதினோரு துண்டு அட்டை. ஐந்தும் ஆறுமாக வெட்டி வாங்கியதில் பாதி அட்டையில் மருந்தின் பெயர் இருந்த பக்கம் போயே போய்விட்டது. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். டெல்மிசார்ட்டனும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரை ஒன்று, ஒரு டாக்டர் எழுதியது. வெறும் அம்லோடிபின் இன்னொன்று, வேறு கம்பெனி, வேறு நிறம், எழுதியவரும் வேறு டாக்டர். இரண்டையும் தினமும் போட்டிருக்கிறார். கால் வீங்கிவிட்டது, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. அந்த வீக்கத்துக்கு மூன்றாவதாக ஒருவரிடம் போய் நீர் மாத்திரை எழுதி வாங்கியிருக்கிறார். பைக்குள் மடித்து வைத்திருந்த லேப் ரிப்போர்ட்டில் சோடியம் 126, இருக்கவேண்டியது 135க்கு மேல். நாலு நாளாகத் தலை கிறுகிறுப்பு, நடையில் தள்ளாட்டம். வயசாயிடுச்சு என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். ஒரே மருந்தை இரண்டு பெயரில் போட்டதற்கு மூன்றாவது மருந்து, அதன் பலனாக இன்னொரு நோய். அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

மூன்று டாக்டர்களில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தன் முன்னால் நீட்டிய சீட்டைப் பார்த்துத்தான் எழுதினார். மொத்தப் பையையும் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை, அவ்வளவுதான்.

நான் டாக்டர் இல்லை, பார்மசிஸ்ட். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. உங்கள் பையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டு, டாக்டரிடம் சரியான கேள்வியோடு போவதற்காக எழுதுகிறேன்.

முதலில், ஏன் ஒன்றோடு நிற்பதில்லை

"ஒண்ணு போட்டுட்டிருந்தேன், இப்ப ரெண்டாக்கிட்டாரு, நோய் முத்திப்போச்சு போல" என்று முகம் வாடி வருபவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு. அப்படி நினைக்கவேண்டியதில்லை. ரத்த அழுத்தத்தை உடம்பு ஒரே கயிற்றில் பிடித்து வைத்திருக்கவில்லை. ரத்தக்குழாய் எவ்வளவு இறுகியிருக்கிறது, உடம்பில் உப்பும் நீரும் எவ்வளவு தேங்கியிருக்கிறது, சிறுநீரகம் கிளப்பிவிடும் ஹார்மோன் என்ன செய்கிறது, இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று நாலைந்து கயிறு. ஒன்றைத் தளர்த்தினால் உடம்பு இன்னொன்றை இழுத்துக் கட்டப் பார்க்கும். அதனால்தான் ஒரே மாத்திரையின் டோசை இரட்டிப்பாக்கினாலும் பெரிதாக இறங்குவதில்லை.

சாதாரண டோசில் எந்த பி.பி. மருந்தாக இருந்தாலும் மேல் அளவை சராசரியாக 9 புள்ளி வரைக்கும் குறைக்கும். அதே மருந்தை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம்தான். ஆனால் கால் வீக்கம், தலைசுற்றல் மாதிரி தொந்தரவுகள் பல மருந்துகளில் டோசோடு சேர்ந்து ஏறும். அதற்குப் பதிலாக வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்த்தால், டோசை இரட்டிப்பாக்குவதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுதல் இறக்கம் கிடைக்கும் என்று பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2009இல் கணக்கிட்டார்கள். ஆக, சின்ன டோசில் இரண்டு மருந்து என்பது பெரிய டோசில் ஒன்றைவிடப் பல பேருக்கு நல்லது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இரண்டு மருந்து சேர்ந்த ஒற்றை பி.பி. மாத்திரைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. எண்பது தாண்டியவர், மெலிந்து தளர்ந்தவர், எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்பவர், இவர்களுக்கு ஒரு மருந்தில், சின்ன டோசில் ஆரம்பித்துப் பொறுமையாகத்தான் ஏற்றுவார்கள்.

பெயரின் வாலைப் படிக்கப் பழகுங்கள்

அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர், அதன் வாலைப் பார்த்தாலே எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடலாம்.

'பிரில்' என்று முடிந்தால் ஒரு குடும்பம்: எனலாப்ரில், ராமிப்ரில், பெரிண்டோப்ரில். 'சார்ட்டன்' என்று முடிந்தால் அதன் பங்காளி: டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், ஓல்மிசார்ட்டன். இரண்டும் அடைப்பது அந்தச் சிறுநீரக ஹார்மோன் பாதையைத்தான், வேறு வேறு இடத்தில். பிரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும், மாதக்கணக்கில் சிரப் குடித்தாலும் நிற்காது. அப்போது டாக்டர் சார்ட்டனுக்கு மாற்றுவார். 'டிபின்' என்று முடிந்தால் ரத்தக்குழாயைத் தளர்த்துவது: அம்லோடிபின், சில்னிடிபின், நிஃபெடிபின். 'லால்' என்று முடிந்தால் இதயத் துடிப்பைக் குறைப்பது: அட்டினலால், மெட்டோபுரலால், பிசோபுரலால். நீர் மாத்திரைகளுக்கு மட்டும் ஒழுங்கான வால் கிடையாது, பெயரை மனப்பாடம் செய்யவேண்டியதுதான்: ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன், இன்டாப்பமைடு. ஸ்பைரோனோலாக்டோனும் நீர் மாத்திரைதான், ஆனால் அதன் குணம் வேறு: மற்றவை பொட்டாசியத்தை வெளியே தள்ளும், இது பிடித்து வைக்கும்.

கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்துக்கும் அர்த்தம் உண்டு. 'ஏஎம்' என்றால் பெரும்பாலும் அம்லோடிபின் சேர்ந்தது, 'எச்' என்றால் ஹைட்ரோகுளோரோதயாசைடு, 'ஏடி' என்றால் அட்டினலால். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், இதற்குச் சட்டம் எதுவும் இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொடி எழுத்தைப் படித்தே ஆகவேண்டும், கண் தெரியவில்லை என்றால் செல்போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

நன்றாக ஒத்துப்போகும் ஜோடிகள்

பிரில் அல்லது சார்ட்டன், கூடவே ஒரு டிபின். இதுதான் இன்றைக்கு அதிகம் எழுதப்படும் ஜோடி, அதில் ஒரு அழகும் இருக்கிறது. அம்லோடிபின் ரத்தம் உள்ளே வரும் சின்னக் குழாயைத் திறந்துவிடும், வெளியே போகும் பக்கம் அந்த அளவுக்குத் திறக்காது, அதனால்தான் கணுக்காலில் நீர் கசிந்து தேங்குகிறது. சார்ட்டனோ பிரிலோ வெளியே போகும் பக்கத்தையும் கொஞ்சம் திறந்துவிடுவதால் வீக்கம் குறைகிறது. ஆகவே அம்லோடிபினால் கால் வீங்கினால் அதற்கு மருந்து நீர் மாத்திரை இல்லை. அது உடம்பில் நீர் கூடியதால் வந்த வீக்கமே அல்ல. டோசைக் குறைப்பது, சார்ட்டன் சேர்ப்பது, இல்லையென்றால் சில்னிடிபினுக்கு மாற்றுவது, இவைதான் வழி. டாக்டரிடம் "கால் வீங்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள், "அம்லோடிபின் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வீங்குது" என்று சொல்லுங்கள். அந்த நாலு வார்த்தை ஒரு மாத்திரையை மிச்சப்படுத்தும். மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தாலோ ஒரு கால் மட்டும் வீங்கினாலோ அது வேறு கதை, உடனே காட்டவேண்டும்.

சார்ட்டன் அல்லது பிரில், கூடவே நீர் மாத்திரை. இதுவும் நல்ல ஜோடி. நீர் மாத்திரை பொட்டாசியத்தை வெளியே தள்ளும், சார்ட்டன் பிடித்து வைக்கும், இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். டிபினும் நீர் மாத்திரையும் சேர்வதும் உண்டு. இந்தியாவில் கிட்டத்தட்ட 2,000 பேரிடம் பெரிண்டோப்ரில், அம்லோடிபின், இன்டாப்பமைடு மூன்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்த டாப்ஸ்பின் ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைத்தன. பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு ஜோடி எழுதியிருக்கிறார்களே என்று கவலைப்பட வேண்டாம்.

இரண்டில் நிற்காவிட்டால் மூன்று: சார்ட்டன், டிபின், நீர் மாத்திரை. மூன்றையும் சரியான டோசில், ஒழுங்காகப் போட்டும் இறங்காவிட்டால் நாலாவதாக வருவது பெரும்பாலும் ஸ்பைரோனோலாக்டோன், 25 மி.கி. மாதிரி சின்ன டோசில். பிரிட்டனில் நடந்து 2015இல் வெளியான பாத்வே-2 ஆய்வில் நாலாவது மருந்தாக அதுதான் முந்தியது. ஆண்களுக்குச் சில சமயம் மார்பு வலிக்கும், பெரிதாகும்; கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள், மாற்று இருக்கிறது.

லால் குடும்பத்துக்கு ஒரு குறிப்பு. வெறும் பி.பி.க்கு இப்போது அது முதல் வரிசையில் இல்லை. மாரடைப்பு வந்தவர், நெஞ்சுவலி, இதயச் செயலிழப்பு, துடிப்புக் கோளாறு உள்ளவர் என்று காரணம் இருந்தால் கட்டாயம் வேண்டும். நம் ஊரில் பல வீடுகளில் அட்டினலாலும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரை பதினைந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும். ஓடினால் ஓடட்டும், டாக்டரிடம் ஒருமுறை கேளுங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். லால் மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் துடிப்பு எகிறும், இதயக் குழாயில் அடைப்பு இருப்பவருக்கு மாரடைப்பே வரலாம். நாளாக நாளாகக் குறைத்துத்தான் விடவேண்டும்.

சேரவே கூடாதவை

பிரிலும் சார்ட்டனும் சேர்ந்து வேண்டாம். ஒரே பாதையை இரண்டு இடத்தில் அடைத்தால் இரட்டைப் பலன் வரும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 25,620 பேரிடம் ராமிப்ரில், டெல்மிசார்ட்டன், இரண்டும் சேர்ந்து என்று மூன்று வகையாகக் கொடுத்துப் பார்த்த ஆன்டார்கெட் ஆய்வு 2008இல் அந்த நம்பிக்கையை முடித்துவைத்தது: சேர்த்துப் போட்டவர்களுக்குக் கூடுதல் நன்மை இல்லை, தலைசுற்றலும் மயக்கமும் சிறுநீரகக் கோளாறும்தான் கூடின. இதய டாக்டர் பிரில் எழுதியிருப்பார், பழைய சீட்டில் சார்ட்டன் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே என்று இரண்டும் உள்ளே போகும். சீட்டு மாறும்போது "பழசுல எதை நிறுத்தணும்?" என்று கேட்பதுதான் முக்கியமான கேள்வி.

லால் மருந்தோடு வெரபமில் அல்லது டில்டியாசெம் சேர்வது அடுத்த ஆபத்து. இவை இரண்டும் டிபினின் தூரத்துச் சொந்தம், ஆனால் இதயத் துடிப்பையும் அமுக்கும். லால் மருந்தோடு இவற்றில் ஒன்று சேர்ந்தால் துடிப்பு நாற்பதுக்குக் கீழே போய் ஆள் சாய்ந்துவிடலாம். குளோனிடின் என்ற பி.பி. மருந்தைப் போடுகிறவர் லால் மருந்தும் போட்டால், குளோனிடினைத் திடீரென்று விட்ட அன்று பி.பி. பயங்கரமாக எகிறும்.

கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் பிரில், சார்ட்டன் இரண்டையும் பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே பேசவேண்டும். வயிற்றில் உள்ள குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். லெபிட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோப்பா என்று கர்ப்ப காலத்துக்கான மருந்துகள் தனியாக இருக்கின்றன. நாள் தள்ளிப்போனால் மறுநாளே சொல்லுங்கள், ஸ்கேன் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் அந்தப் பெரியவர் கதை: ஒரே மருந்து இரண்டு பெயரில். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்ததிலிருந்து பலருக்கு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, நல்ல விஷயம். ஆனால் தனியார் டாக்டரிடமும் பார்க்கிறவர்கள், அங்கே எழுதியதையும் இங்கே வந்ததையும் அருகருகே வைத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். இரண்டு இடத்திலும் மற்ற இடத்தின் மாத்திரையைக் காட்டுங்கள்.

பி.பி. மாத்திரை இல்லை என்று நினைப்பவைதான் கெடுக்கும்

மூட்டு வலி மாத்திரையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் என் கடையில் அதிகம் தகராறு வருவது இதில்தான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இவை பி.பி.யை ஏற்றும், பிரில், சார்ட்டன், நீர் மாத்திரைகளின் வேலையையும் குறைக்கும். அதைவிட மோசம், சார்ட்டன் அல்லது பிரில், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே நேரத்தில் உடம்பில் இருந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் மூன்று பக்கமும் நெருக்கப்பட்டு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு சட்டென்று ஏறிவிடும். வெயில் காலத்தில், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் வயதானவருக்கு இது நடக்க ஒரு வாரம் போதும். "முழங்கால் வலிக்கு நல்லதா ரெண்டு குடு" என்று கேட்பதற்கு முன் "பி.பி. மாத்திரை போடுறேன்" என்று சொல்லுங்கள். வலிக்கு முதலில் பாராசிட்டமால், மேலே தடவும் மருந்து, ஒத்தடம். இதயத்துக்காகப் போடும் 75 மி.கி. ஆஸ்பிரின் இந்தக் கணக்கில் வராது, அதை நிறுத்திவிடாதீர்கள்.

சளி மாத்திரையில் ஃபெனைலெஃப்ரின் இருந்தால் மூக்கடைப்பைத் திறப்பது ரத்தக்குழாயைச் சுருக்கித்தான், அது பி.பி.யையும் ஏற்றும். புராஸ்டேட்டுக்குப் போடும் டாம்சுலோசின் ஏற்கெனவே உள்ள பி.பி. மருந்தோடு சேர்ந்து, இரவு சிறுநீர் கழிக்க எழுந்திருக்கும்போது ஆளைத் தள்ளிவிடும். ஆண்மைக் குறைவுக்குப் போடும் சில்டெனாஃபில், டடலாஃபில் மாதிரி மாத்திரைகளை நெஞ்சுவலிக்கு நைட்ரேட் போடுகிறவர் தொடவே கூடாது. கூச்சத்தில் ஆன்லைனில் வாங்கிக்கொள்கிறார்கள், அதனால்தான் இங்கே வெளிப்படையாக எழுதுகிறேன். சிம்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்டிரால் மாத்திரையை அம்லோடிபினோடு போட்டால் 20 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் அம்லோடிபினை உடம்பில் தேக்கி வைக்கும், பி.பி. அளவுக்கு மீறி இறங்கலாம்.

இனி அடுப்படி. இருமலுக்கும் தொண்டைக்கும் அதிமதுரத்தை நாள்கணக்கில் சுவைப்பவர்கள் கவனியுங்கள்: அது உடம்பில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும், பி.பி. ஏறும், நீர் மாத்திரையும் போட்டால் பொட்டாசியம் இன்னும் விழும். ஒரு நாள் கஷாயத்தில் ஒரு துண்டு பற்றிப் பேசவில்லை, தினமும் என்பதைப் பற்றிப் பேசுகிறேன். இளநீர் இதற்கு நேரெதிர். அதில் பொட்டாசியம் நிறைய. சார்ட்டனோ பிரிலோ ஸ்பைரோனோலாக்டோனோ போடும் ஆள், சிறுநீரகமும் கொஞ்சம் பழுது என்றால், தினம் இரண்டு இளநீர் குடித்துப் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதிலும் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம்தான். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது நல்லதே, மற்றவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். வயிற்று உப்புசத்துக்குத் தண்ணீரில் போட்டதும் பொங்கும் பொடியில் சோடியம் அதிகம். ஊறுகாய், அப்பளம், கருவாடு பற்றி நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? மூன்று மாத்திரை போட்டும் இறங்காத பல பேருக்கு நாலாவது மாத்திரை அந்த ஊறுகாய் ஜாடியை மூடுவதுதான்.

ஒரே தாள்

இப்போது வேலைக்கு வாருங்கள். வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும் ஒரு தட்டில் கொட்டுங்கள், சித்த மருந்து, வலி மாத்திரை, சொட்டு மருந்து உட்பட. ஒரு முழுத் தாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயர், மி.கி., எத்தனை மணிக்கு, யார் எழுதியது, எதற்கு. மாதிரிக்கு இரண்டு வரி:

டெல்மிசார்ட்டன் 40 + அம்லோடிபின் 5, காலை 8 மணி, பி.பி.க்கு, நம்ம ஊர் டாக்டர், 2023லிருந்து.
மெட்பார்மின் 500, காலை, இரவு சாப்பாட்டோடு, சுகருக்கு, அதே டாக்டர்.

கூட்டு மாத்திரையாக இருந்தால் உள்ளே இருக்கும் இரண்டு பெயரையும் எழுதவேண்டும், அதில்தான் இரட்டிப்பு பிடிபடும். எழுதி முடித்ததும் ஒரே பெயர் இரண்டு வரியில் வருகிறதா, ஒரே வால் இரண்டு வரியில் வருகிறதா, பிரிலும் சார்ட்டனும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் தள்ளாமல் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரானாலும், முதலில் தாள், அப்புறம் பேச்சு.

மாத்திரையை அட்டையிலிருந்து உரித்து வாரப் பெட்டியில் போட்டு வைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: டெல்மிசார்ட்டன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போடும் நேரத்தில்தான் உரிக்கவேண்டும். நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் நாலு நாள் பெட்டியில் கிடந்தால் மாவாக உதிர ஆரம்பிக்கும். அட்டையோடு சேர்த்து ஒவ்வொன்றாக வெட்டிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். 'எக்ஸ்எல்', 'இஆர்', 'ரிடார்ட்' என்று எழுதியிருப்பதைப் பொடியாக்கக் கூடாது. நாள் முழுக்க மெதுவாக இறங்கவேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

வீட்டில் அளப்பது

அளக்காமல் சேர்க்கை பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. கையில் சுற்றும் டிஜிட்டல் கருவி போதும், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பட்டையின் அளவு கைக்குச் சரியாக இருக்கவேண்டும், பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூட்டிக் காட்டும். அரை மணிக்கு முன்பிருந்தே காபி, டீ, பீடி கிடையாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை மேசையில், இதய மட்டத்தில். பேசக் கூடாது, சீரியல் பார்த்துக்கொண்டும் எடுக்கக் கூடாது, வில்லியைப் பார்த்தால் எனக்கே ஏறுகிறது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் ஒருமுறை, ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் 140/90 என்பது வீட்டில் 135/85க்குச் சமம். அதைவிடக் கீழே எவ்வளவு வேண்டும் என்பதை உங்கள் வயதையும் மற்ற நோய்களையும் பார்த்து டாக்டர் சொல்வார்.

மருந்து கூடியவர்கள், வயதானவர்கள் நின்றும் ஒருமுறை அளக்கவேண்டும். உட்கார்ந்து எடுத்த பிறகு எழுந்து நின்று ஒன்றாவது நிமிடம், மூன்றாவது நிமிடம். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 விழுந்தால் அந்தச் சேர்க்கை அவருக்கு அதிகமாக இருக்கலாம். பி.பி. 130 என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போது பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புதிதாக ஒன்று சேர்ந்த பிறகு

மூன்றாம் நாளே "இறங்கலையே" என்று மாற்றச் சொல்லாதீர்கள். அம்லோடிபின் முழுசாக வேலை செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், டெல்மிசார்ட்டனின் முழுப் பலன் தெரிய நாலிலிருந்து எட்டு வாரம். பிரில், சார்ட்டன், நீர் மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன் எதைத் தொடங்கினாலும் டோசைக் கூட்டினாலும் ஒன்றிலிருந்து நாலு வாரத்துக்குள் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் மூன்றையும் பார்த்துவிடவேண்டும். பிரில், சார்ட்டன் ஆரம்பித்ததும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுவது சகஜம், 30 சதவீதம் வரைக்கும் பொதுவாக விட்டுவைப்பார்கள். பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினால் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசினால், தள்ளாடினால் சோடியத்தை நினைத்துப் பாருங்கள்.

காலையிலா ராத்திரியா என்று ஓயாத சண்டை ஒன்று உண்டு. பிரிட்டனில் 21,104 பேரை வைத்து நடந்த டைம் ஆய்வு 2022இல் சொன்னது: இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. மறக்காத நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம். நீர் மாத்திரையை மட்டும் காலையில் போடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரித் தூக்கம் போச்சு.

வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் காய்ச்சல் என்று சாப்பாடும் தண்ணீரும் இறங்காத நாளில் பிரில், சார்ட்டன், நீர் மாத்திரை, சுகருக்கான மெட்பார்மின், 'ஃபுளோசின்' என்று முடியும் மாத்திரைகள் இவற்றை அந்த ஒன்றிரண்டு நாளைக்கு நிறுத்திவைக்கச் சொல்வார்கள். இதை நோய் வந்த பிறகு போனில் பதறிக் கேட்பதைவிட, நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு அந்தத் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள். விரதம், நோன்பு இருப்பவர்களும் அப்படியே. லால் மருந்தும் குளோனிடினும் மட்டும் இப்படி நிறுத்தும் வகையில் சேராது.

180/120 காட்டினால்

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கை கால் விழுதல், பேச்சுக் குழறல், கண் மங்கல், இதில் ஒன்று சேர்ந்திருந்தால் 108. வேறு யோசனை வேண்டாம். எந்தத் தொந்தரவும் இல்லாமல் எண் மட்டும் அப்படிக் காட்டினால், ஐந்து நிமிடம் உட்கார்ந்து திரும்ப அளந்து, அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். நாளைய மாத்திரையை இன்றே போடுவது, வீட்டில் இன்னொருவருடையதைச் சேர்த்துப் போடுவது கூடாது. நிஃபெடிபின் கேப்சூலைக் குத்தி நாக்கடியில் பிழியும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது, பி.பி. கிணற்றில் விழுவதுபோல் விழும், அதிலேயே பக்கவாதமும் மாரடைப்பும் வந்திருக்கின்றன.

ஒரு வேளை மாத்திரையை மறந்துவிட்டால், அன்றைக்குள் ஞாபகம் வந்தால் போடுங்கள். மறுநாள் ஆகிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம். வாங்கும்போது முழு அட்டையாக வாங்கப் பாருங்கள். காசு இடிக்கிறது என்றால் மக்கள் மருந்தகம், 2025இல் வந்த முதல்வர் மருந்தகம் இரண்டிலும் அதே மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கும். கம்பெனிப் பெயரும் நிறமும் மாறும், அப்போதும் பொடி எழுத்தைத்தான் பார்க்கவேண்டும். வெட்டித்தான் வாங்கவேண்டும் என்றால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தை உங்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், மீதித் துண்டை அவர் விற்கவேண்டுமே. அப்படியென்றால் ஒரு கவரில் போட்டு, மேலே மருந்தின் பெயரையும் தேதியையும் பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள். நான் எழுதித் தருகிறேன்.